தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சு, கழுத்துக்கு?

"தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க." எழுபதைத் தாண்டிய ஒருவர் குளியலறை வாசலில் தடுக்கி முகம் குப்புற விழுந்த மறுநாள், பார்க்க வருகிறவர்களிடம் எல்லா வீடுகளிலும் சொல்லப்படும் வாக்கியம் இது. நெற்றியில் தையல், மூக்கில் வீக்கம், ஒரு டி.டி. ஊசி, ஐந்து நாளைக்கு வலி மாத்திரை. "கழுத்துதான் கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்காம்" என்று கூடவே இன்னொரு வரியும் வரும். யாரும் பொருட்படுத்தாத அந்த இரண்டாவது வரிதான் எனக்கு உறுத்தல். மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் சி.டி. மண்டையோட்டின் அடிப்பகுதியோடு ஏறத்தாழ முடிந்துவிடும். நெற்றியில் விழுந்த அடியின் விசை அங்கே முடிவதில்லை. நெற்றி தரையில் மோதி நிற்க, உடலின் எடை இன்னும் முன்னோக்கி வந்துகொண்டிருக்க, தலை பின்பக்கம் மடங்குகிறது. அந்த மடக்கலின் முழு வேகமும் போய்ச் சேரும் இடம் கழுத்தின் உச்சியில் இருக்கும் முதல் இரண்டு முள்ளெலும்புகள். முதியவர்களின் கழுத்து முறிவுகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இரண்டாவது முள்ளெலும்பின் முறிவுதான். மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நின்ற உயரத்திலிருந்து, சில சமயம் நாற்காலியில் உட்கார்ந்த உயரத்திலிருந்து விழுந்தாலே போதும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் விழுந்து, தலைக்கு சி.டி. எடுக்கும் அளவுக்கு அடிபட்டிருக்கிறது என்று மருத்துவர் நினைத்தால், அதே மேசையில் படுத்திருக்கும்போதே கழுத்துக்கும் எடுத்துவிட வேண்டும். இதற்கு வழக்கமாக மூன்று ஆட்சேபங்கள் வரும்: செலவு, கதிர்வீச்சு, "வயசானா கழுத்துவலி இருக்கத்தானே செய்யும்". செலவு உண்மைதான், ஆனால் ஒரு வாரம் கழித்துத் தனியாக வந்து எடுப்பதைவிடக் குறைவு. எழுபத்தைந்து வயதில் ஒரு கழுத்து சி.டி.யின் கதிர்வீச்சு பிற்காலத்தில் புற்றுநோய் தருமே என்று கவலைப்படுவதில் பொருளில்லை. மூன்றாவது ஆட்சேபத்துக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. வயதான கழுத்து என்றதும் நம் மனத்தில் வரும் படமே பாதிதான் சரி.

ஒரே கழுத்தில் இரண்டு முதுமைகள்

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். கீழ்ப்பாதியில், குறிப்பாக ஐந்து, ஆறு, ஏழாம் எலும்புகளுக்கு நடுவே, வயதாக ஆக இடைத்தட்டுகள் நீர் வற்றிச் சப்பையாகின்றன. விளிம்புகளில் எலும்பு முட்கள் கிளம்புகின்றன, சிறு மூட்டுகள் தடித்துப்போகின்றன. எக்ஸ்ரேயில் அந்த இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இதைத்தான் ஸ்பாண்டிலோசிஸ், தேய்மானம் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். இங்கே எலும்பு கூடுகிறது, அசைவு குறைகிறது.

உச்சியில் கதை வேறு. முதல் எலும்பு அட்லஸ், இரண்டாவது ஆக்சிஸ். இரண்டுக்கும் நடுவே இடைத்தட்டு கிடையாது. அட்லஸ் ஒரு வளையம். மற்ற முள்ளெலும்புகளுக்கு உள்ள திரண்ட உடல்பகுதி அதற்கு இல்லை. ஆக்சிஸின் உடலிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. பழைய திருகைக்கல்லில் அடிக்கல்லின் நடு முளையைச் சுற்றி மேல்கல் சுழலுமே, அதே அமைப்புதான். வளையமும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் நாலைந்து கிலோ எடையுள்ள தலையும் இந்த முளையைச் சுற்றித்தான் திரும்புகின்றன. முளை பின்னால் நழுவித் தண்டுவடத்தை அழுத்திவிடாமல், குறுக்குத் தசைநார் ஒன்று அதை வளையத்தின் முன்வளைவோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. நாம் இடமும் வலமும் தலையைத் திருப்புவதில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. கீழ்க்கழுத்து இறுகிப்போன பிறகும் முதியவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார். அந்த வேலையும், விழும்போது வருகிற மடக்கு விசையும், இன்னும் அசையக்கூடிய ஒரே இடமான உச்சிக்குப் போகின்றன. கீழே எலும்பு கூடிப்போன அதே கழுத்தில், எலும்பு மெலிந்துகொண்டிருக்கும் மேல்பகுதிக்குச் சுமை ஏறுகிறது.

அடர்த்தி விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே மனிதரின் முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை அளந்தால் கழுத்து முள்ளெலும்புகளின் உள்ளே பஞ்சுபோல இருக்கும் பஞ்செலும்புதான் அடர்த்தி மிக்கது. மார்புப் பகுதியில் அது குறைகிறது, இடுப்பில் இன்னும் குறைகிறது. எலும்புப்புரையால் (ஆஸ்டியோபோரோசிஸ்) நொறுங்கும் முள்ளெலும்புகள் பெரும்பாலும் மார்பின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பின் தொடக்கத்திலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த உண்மையிலிருந்து, கழுத்து எலும்பு கெட்டி, அதற்கு எலும்புப்புரை வராது என்ற தவறான முடிவுக்கு நெடுநாள் வந்திருந்தோம். சராசரி அடர்த்தி மட்டுமே முறிவைத் தீர்மானிப்பதில்லை. அந்த எலும்பின் எந்த மூலை மிகவும் வறியது, விசை அந்த மூலை வழியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. ஆக்சிஸில் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

முளையின் அடி

ஆக்சிஸின் முளை உண்மையில் ஆக்சிஸுக்குச் சொந்தமானதில்லை. கருவில் அது அட்லஸுக்கு உரிய உடல்பகுதியாக உருவாகி, பிறகு கீழே இருக்கும் எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. குழந்தை பிறக்கும்போது இரண்டுக்கும் நடுவே குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கும். மூன்று முதல் ஆறு வயதுக்குள் அது எலும்பாக மாறும். அதன் எச்சம் பெரியவர்களின் ஆக்சிஸிலும் மெல்லிய கோடாகத் தென்படுவதுண்டு. முளையும் உடலும் சேரும் இந்தப் பகுதி, மேலும் கீழும் உள்ள எலும்பைப்போல ஒருபோதும் நிறைவாகக் கட்டப்படுவதில்லை.

1990களின் நடுவில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். இறந்தவர்களின் ஆக்சிஸ் எலும்புகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்து அளந்தபோது, முளையின் அடிப்பகுதியில் இருந்த பஞ்செலும்பு, அதற்கு மேலே முளையிலும் கீழே உடலிலும் இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். எலும்பு இழைகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளும் அங்கே குறைவு. வெளிப்புற ஓடும் மெலிவு. எலும்புப்புரை இல்லாதவர்களிடமும் இந்த ஏற்றத்தாழ்வு இருந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அதாவது, இளமையிலேயே இது பலவீனமான இடம். இருபது வயதில் ஓடு போதுமான தடிப்போடு இருப்பதால் அந்தப் பலவீனம் வெளியே தெரிவதில்லை. அதை உடைக்கப் பெரிய சாலை விபத்து தேவைப்படுகிறது.

முதுமை செய்வது, அந்தப் பழைய குறையின் மேல் இன்னொரு கழித்தல் போடுவது. பஞ்செலும்பில் பரப்பு அதிகம் என்பதால் எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு வேலை செய்ய இடமும் அதிகம். அடர்த்தி குறையத் தொடங்கும்போது முதல் இழப்பு அங்கேதான். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் முதுகெலும்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2% வரை இழக்கக்கூடும். ஆண்களுக்கு மெதுவாக, தாமதமாக. இழப்பு எல்லா இழைகளையும் சமமாகத் தொடுவதில்லை. குறுக்கு இழைகள் முதலில் அறுகின்றன, நெடுக்கு இழைகள் துணையின்றி நிற்கின்றன. ஒரு மெல்லிய தண்டு வளைந்து ஒடிவதற்குத் தேவையான விசை, அதன் துணையற்ற நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பொறியியலில் பழைய கணக்கு. நடுவில் ஒரு குறுக்கு இழை போய் நீளம் இரட்டிப்பானால் அந்த இழையின் தாங்குதிறன் நான்கில் ஒன்றாகிவிடும். அடர்த்தி பத்து சதவீதம் குறைந்தால் வலுவும் பத்து சதவீதம் குறையும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஏற்கெனவே இணைப்புகள் குறைவான முளையின் அடியில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாக வேலை செய்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. முளைக்கும் வளையத்தின் முன்வளைவுக்கும் நடுவே உள்ள சிறு மூட்டு பலருக்கு அறுபதுக்குப் பிறகு தேய்ந்து, இடைவெளி மறைந்து, ஓரங்களில் எலும்பு முட்கள் முளைத்துவிடுகின்றன. வளையம் முளையைக் கவ்விக்கொள்கிறது. நல்ல மூட்டில் வழுக்கி விலகியிருக்க வேண்டிய விசை இப்போது முளைக்கு அப்படியே கடத்தப்பட்டு அதன் அடியில் குவிகிறது. ஒரே சி.டி. படத்தில் முளையின் நுனி கொழுத்த முட்களோடும் அதன் அடி வெளிறிய சாம்பல் நிறத்தோடும் தெரிவதன் பொருள் இதுதான். அறிக்கையில் "டிஜெனரேட்டிவ் சேஞ்சஸ்" (தேய்மான மாற்றங்கள்) என்று ஒரு வரி இருந்தால், வயதுக்கு இயல்பானது என்று நிம்மதியாகத் தாளை மடித்துவிடுகிறோம். முறிவுக்கு ஏற்ற சூழல் அமைந்துவிட்டது என்று வாசிக்க வேண்டிய வரி அது.

இந்த முறிவுகளை வகைப்படுத்தி 1974-இல் ஆண்டர்சனும் டி'அலோன்சோவும் சொன்ன மூன்று பிரிவுகளே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. முளையின் நுனி உடைவது முதல் வகை, மிக அபூர்வம். அடியில் உடைவது இரண்டாம் வகை. முறிவு கீழிறங்கி ஆக்சிஸின் உடலுக்குள் போவது மூன்றாம் வகை; அங்கே பஞ்செலும்பு தாராளமாகத் தொடுவதால் நன்றாகக் கூடும். முதியவர்களிடம் காண்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. கூடுவதில் மிக மோசமானதும் அதுவே.

நடந்து வருகிற முறிவு

கழுத்து முறிந்தால் கைகால் விழுந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். கீழ்க்கழுத்தில் பெரும்பாலும் அப்படித்தான். உச்சியில் இடம் தாராளம்: அட்லஸ் வளையத்தின் முன்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முளைக்கு, ஒரு பங்கு தண்டுவடத்துக்கு, மீதி ஒரு பங்கு காலியிடம். ஸ்டீல் என்பவர் 1968-இல் எழுதிய இந்த மூன்றில்-ஒன்று விதியை எலும்பியல் மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். முளை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நரம்புக்கு இடம் மிச்சமிருப்பதால் இவர் மருத்துவமனைக்கு நடந்தே வருவார், காபி குடிப்பார், பெயர் ஊர் சொல்வார். கை காலில் மரத்துப்போதல் இல்லை என்பது முறிவு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

அப்படியானால் எதைக் கவனிப்பது? வலி கழுத்தின் நடுவில் இருக்காது. மேலே, பிடரியும் மண்டையும் சேரும் இடத்தில் இருக்கும். சில சமயம் பின்தலை வழியாக உச்சி வரை ஏறும். தலையைத் திருப்பச் சொன்னால் உடலோடு சேர்ந்து திரும்புவார். படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அது மிக முக்கியமான அடையாளம்; யாரும் சொல்லிக் கொடுக்காமலே நோயாளிகள் அப்படிச் செய்வார்கள். நெற்றியிலோ மூக்கிலோ தாடையிலோ காயம் இருந்து, கூடவே இந்த வலியும் இருந்தால் சி.டி. எடுக்கும்வரை கழுத்தை அசைக்கக் கூடாது. மறதிநோய் உள்ளவர்கள் வலி என்றே சொல்லமாட்டார்கள், சாப்பாட்டைத் தள்ளுவார்கள், எரிச்சலாக இருப்பார்கள். அவர்களிடம் முகக்காயம் ஒன்றே போதுமான காரணம்.

2001-இல் கனடாவில் உருவாக்கப்பட்ட கழுத்துக் காய விதி, அடிபட்டவருக்கு 65 அல்லது அதற்கு மேல் வயது என்றாலே படம் எடுக்கச் சொல்கிறது. அசைத்துப் பார்த்துச் சோதிக்கும் கட்டத்துக்கே போகச் சொல்வதில்லை. படம் என்றால் எக்ஸ்ரே போதுமா? பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இந்தப் பகுதியின்மேல் மண்டையோடும் தாடையும் படியும். முளையைப் பார்க்கவென்றே வாயைத் திறக்கச் சொல்லி எடுக்கும் ஒரு கோணம் உண்டு. வலியோடு படுத்திருக்கும் எண்பது வயதுக்காரர் வாயைப் போதுமான அளவு திறக்கமாட்டார், திறந்தாலும் பல்லின் நிழல் முளையின் அடியில் விழுந்து முறிவு மாதிரியே தெரியும், அல்லது முறிவை மறைக்கும். எலும்பு வெளிறியிருந்தால் கோடே தெரியாது. அதனால் சி.டி., அதுவும் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக, பக்கவாட்டிலும் முன்பக்கத்திலிருந்தும் மறுஉருவாக்கம் செய்த படங்களோடு. குறுக்குவெட்டுப் படங்களை மட்டும் பார்த்தால், கிடைமட்டமாக ஓடும் இரண்டாம் வகை முறிவு இரண்டு வெட்டுகளுக்கு நடுவே நழுவிவிடும். அட்லஸ் வளையத்தையும் அதே படத்தில் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்து முறிவது முதியவர்களிடம் அபூர்வமில்லை. முறிவுக்கோடு முதுகெலும்புத் தமனி செல்லும் துளைக்குள் போனால் ரத்தக்குழாய்க்கும் படம் தேவைப்படும்.

படம் எடுக்கும் முன் நடக்கிற ஒரு தவறு. மேல்முதுகு கூன் விழுந்தவரை ஸ்ட்ரெச்சரில் மட்டமாகப் படுக்கவைத்தால் தலை கீழே தொங்கிப் பின்னால் மடங்கும். எந்த அசைவில் முறிந்ததோ அதே அசைவு. கூனுக்கு ஏற்ற உயரத்தில் மடித்த போர்வையோ தலையணையோ தலைக்கு அடியில் வைத்து, அவருக்குப் பழக்கமான நிலையிலேயே தலை இருக்கும்படி தாங்க வேண்டும். 108-க்குச் சொல்லிக் காத்திருக்கும் நேரத்தில் வீட்டில் செய்யக்கூடியதும் இதுதான்: நிமிர்த்த முயலாமல், இருக்கிற கோணத்திலேயே இருபுறமும் துணிச்சுருள் வைத்து அசையாமல் வைப்பது. காலர் போட்டே ஆகவேண்டும் என்று கூன் கழுத்தை வலுக்கட்டாயமாக நேராக்கினால் கேடு விளையும். முதுகெலும்பு முழுக்க ஒட்டி இறுகிப்போன நோய் உள்ளவர்களிடம் இது உயிருக்கே ஆபத்து.

நம் ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை, விழுந்த மூன்றாம் நாள் ஆரம்பிக்கிறது. சுளுக்கு என்று முடிவு கட்டி எண்ணெய் போட்டு நீவுவார்கள். சுளுக்கு எடுப்பவர் தலையைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டுவார். சலூனில் முடிவெட்டியதும் பழக்கதோஷத்தில் நெட்டி முறிப்பார்கள். பழைய கழுத்துத் தேய்மானம்தான் என்று எண்ணிப் பிசியோதெரபியில் கழுத்துக்கு இழுவை கட்டுவார்கள். முளை முறிந்த கழுத்தில் இவை நாலுமே தண்டுவடத்துக்கு மிச்சமிருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தின்னக்கூடியவை. விழுந்த பிறகு புதிதாக வந்த மேல்கழுத்து வலிக்கு, படம் பார்க்காமல் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.

நியாயமாக ஒரு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். விழாமலே, ஒரே நாளில் கழுத்து மேற்பகுதி மரக்கட்டையாக இறுகி, காய்ச்சலும் வந்தால் அது முறிவாக இருக்க வாய்ப்பு குறைவு. முளையைச் சுற்றியுள்ள தசைநாரில் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்கள் சேர்ந்து அழற்சி கிளப்பும் ஒரு நிலை முதியவர்களுக்கு வரும். மூளைக்காய்ச்சல் என்று பயந்து முதுகில் நீரெடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அதுவும் சி.டி.யில் முளையைச் சுற்றிக் கிரீடம் வைத்ததுபோன்ற வெள்ளைப் படிவமாகத்தான் தெரியும். அழற்சியைக் குறைக்கும் மருந்தில் சில நாட்களில் அடங்கும்.

முறிந்த பின்

இளைஞருக்கு உகந்த சிகிச்சைகள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடுகின்றன. மண்டையோட்டில் திருகுகள் பதித்து மார்புக்கவசத்தோடு இணைக்கும் ஹேலோ சட்டகம் முதியவர்களுக்கு நிமோனியாவையும் விழுங்கும் சிரமத்தையும் மறுபடி விழுவதையும் கொண்டுவருகிறது. இப்போது பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். முன்பக்கமாக ஒரே திருகை முளைக்குள் ஏற்றும் அறுவை, கழுத்துத் திருப்பலைக் காப்பாற்றும் என்பதால் கவர்ச்சியானது. ஆனால் அந்தத் திருகின் அடி ஊன்றி நிற்க வேண்டிய ஆக்சிஸ் உடலின் முன் ஓடும் மெலிந்திருப்பதால், திருகு எலும்பை வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அடர்த்தி குறைவு என்பதன் நேரடியான, கண்ணால் பார்க்கக்கூடிய விளைவு அது.

மிச்சமிருப்பவை இரண்டு. ஒன்று, பின்பக்கமாக அட்லஸின் பக்கத்திண்டுகளிலும் ஆக்சிஸிலும் திருகு போட்டு இரண்டையும் இணைத்துவிடுவது. இந்த முறையின் அடிப்படையை மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1990களில் தகடும் திருகுமாக வெளியிட்டார்; ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001-இல் திருகும் கம்பியுமாக மாற்றியமைத்தார்; இன்று உலகெங்கும் கோயல்-ஹார்ம்ஸ் முறை என்றே பெயர். பக்கத்திண்டு தடித்த எலும்பு, புரையிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். விலை, கழுத்துத் திருப்பலில் பாதி போய்விடும். மற்றது, காலர் மட்டும் போட்டுக் காத்திருப்பது. முதியவர்களின் இரண்டாம் வகை முறிவு காலரில் பாதிப் பேருக்குக்கூட எலும்பாகக் கூடாமல் போகலாம். அடியில் பஞ்செலும்பு குறைவு, தொடும் பரப்பு சிறிது, 5 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தாலோ பின்பக்கம் சரிந்திருந்தாலோ வாய்ப்பு இன்னும் குறைவு. ஆனாலும் நார்த்திசு கட்டி அசையாமல் நின்றால் பலர் அதோடு நன்றாகவே வாழ்கிறார்கள். எலும்பு கூடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எண்பத்தெட்டு வயதில் அறுவைக்குப் போகவேண்டியதில்லை.

எது சரி என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. முளை முறிந்த, 65 அல்லது அதற்கு மேல் வயதுள்ள 159 பேரைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் ஓராண்டுக்குள் 18% பேர் இறந்திருந்தார்கள். அறுவை செய்தவர்களின் நிலை சற்று மேல். அறுவைக்குத் தாங்குவார் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் அறுவைக்கு வந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த இறப்புகளில் பெரும்பங்கு தண்டுவடம் நசுங்கியதால் வருவதில்லை. படுக்கை, புரையேறுதல், நிமோனியா, தளர்ந்த இதயம் ஆகியவைதான் காரணம். தொடை எலும்பு முறிவுக்குப் பின் நடக்கும் அதே கதை.

ஆகவே வீட்டில் காலரைப் பராமரிப்பதுதான் நிஜமான சிகிச்சை. மருந்துக்கடையில் கிடைக்கும் மெத்தென்ற ஃபோம் காலர் வெறும் நினைவூட்டல்தான், அசைவை நிறுத்தாது. ஃபிலடெல்பியா போன்ற இரண்டு துண்டு கெட்டிக் காலரில் சரியான அளவு முக்கியம்: தாடை உள்ளே வழுக்கினால் பெரிது, அண்ணாந்து பார்த்தபடி இருந்தால் உயரம் அதிகம். தினம் ஒருமுறை, படுத்த நிலையில், ஒருவர் தலையை இரண்டு கையாலும் பிடித்திருக்க இன்னொருவர் முன்துண்டைக் கழற்றித் துடைத்து, மோவாய், தாடையோரம், காறை எலும்பு, பின்மண்டை ஆகிய இடங்களில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திவிட்டு எடுத்தும் மறையாத சிவப்பு, புண்ணின் முதல் படி. ஆண்களுக்குத் தாடி வளரவிடக் கூடாது. சாப்பாடு நேராக உட்கார்ந்து, சிறு கவளமாக. முடிந்ததும் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. தண்ணீருக்கே இருமினால் விழுங்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். காலர் போட்டவருக்குத் தன் காலடி தெரியாது. அதனால் மிதியடி, ஒயர், வாசற்படி இவற்றில் தடுக்கி இரண்டாவது தடவை விழுவது சகஜம். நடக்கும்போது ஒருவர் கூடவே இருக்கட்டும்.

அளக்காத இடத்தின் அடர்த்தி

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் பார்ப்பது இடுப்பு முள்ளெலும்புகள் ஒன்று முதல் நான்கு வரை, தொடை எலும்பின் மேல்பகுதி, தேவைப்பட்டால் முன்கை. கழுத்தை யாரும் அளப்பதில்லை. முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று பார்க்கும் பக்கவாட்டுப் படமும் மார்பின் நான்காம் எலும்பிலிருந்து இடுப்பின் நான்காம் எலும்பு வரைதான். எலும்புப்புரை மருந்துகளின் ஆய்வுகள் கணக்கெடுத்த முதுகெலும்பு முறிவுகளும் ஏறத்தாழ இதே எல்லைக்குள். இதனால் நடக்கும் வேடிக்கை: மணிக்கட்டு உடைந்து வருகிறவருக்கு எலும்புப்புரை மருந்து எழுதும் வழக்கம் கொஞ்சமாவது வந்திருக்கிறது, கழுத்து உச்சி உடைந்து வருகிறவர் காலரோடு மட்டும் வீட்டுக்குப் போகிறார். நின்ற உயரத்திலிருந்து விழுந்து முளை முறிந்தால் அந்த முறிவே எலும்பு பலவீனத்துக்குப் போதுமான சாட்சி, டெக்ஸா தரும் டி-ஸ்கோர் எலும்புப்புரைக்கான எல்லையான -2.5ஐத் தொடவில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது எனக்கு ஏற்புடையதில்லை. இடுப்பில் எலும்பு முட்களும் பெருந்தமனியான அயோர்ட்டாவில் சுண்ணாம்பும் படிந்தவர்களுக்கு டெக்ஸா எண் உண்மையைவிட நன்றாகக் காட்டும், எழுபதுக்கு மேல் இது மிகச் சாதாரணம்; அப்போது தொடை எலும்பில் எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும். வேறு எதற்காகவோ எடுத்த வயிற்று சி.டி. இருந்தால், இடுப்பின் முதல் எலும்பில் அடர்த்தி 110 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு (சி.டி. படத்தில் அடர்த்தியைச் சொல்லும் அலகு) கீழே இருப்பது வலுவான எச்சரிக்கை. அந்த எண்ணைக் கழுத்து எலும்புக்குப் பொருத்தக் கூடாது. கழுத்தில் இயல்பே அதைவிட உயரம்.

மருந்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். கெட்டிக் காலரோடு, விழுங்கச் சிரமப்பட்டுச் சாய்ந்தே கிடப்பவருக்கு இது பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. இவர்களுக்கு வசதி. அதற்கு முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் மூன்றும் பார்க்க வேண்டும், சிறுநீரக வடிகட்டுதல் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே என்றால் கூடாது. முதல் முறை ஏற்றினால் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால் தவறவிடக் கூடாது. தானாக நிறுத்தினால், மருந்தால் கூடிய அடர்த்தி வேகமாகக் கரைந்து, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நொறுங்கியவர்கள் இருக்கிறார்கள். நிறுத்துவதானால் வேறொரு மருந்துக்கு மாறிய பிறகே. தினசரி ஊசியான டெரிபாரடைட், கூடாத முளையைக் கூடவைத்ததாகத் தனித்தனி நோயாளிக் குறிப்புகள் உண்டு. அதை வைத்து உறுதி சொல்ல முடியாது.

கால்சியம் நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி., முடிந்தவரை உணவிலிருந்து. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி., இருநூறு மி.லி. பாலில் 240 அளவுக்குக் கிடைக்கும். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுவார்கள். அதை நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் கடையில் வாங்கிச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, குழம்பிப்போய் மறுபடி விழுந்து வருகிறவர்கள் உண்டு. எட்டு வாரத்துக்குப் பின் மாதம் ஒன்றா, அல்லது வேண்டாமா என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே சீட்டில் இரவில் போடும் மாத்திரைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்: தூக்க மாத்திரை, புரோஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், இரண்டு வகை ரத்த அழுத்த மருந்து எல்லாம் சேர்ந்து, பின்னிரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவரின் ரத்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்கிவிடும். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்திலும் அழுத்தம் பார்த்து, மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்துப் பட்டியலை மாற்றியாக வேண்டும். மறுபடி சி.டி. எடுப்பது வழக்கமாகப் பன்னிரண்டாம் வாரம். காலரை எப்போது, யார் முன்னிலையில் கழற்றுவது என்பதையும் தேதி போட்டுக் கேட்டு வாங்குங்கள். பலர் காலரை ஆறாம் வாரம் தாங்களே கழற்றிவிடுகிறார்கள், சிலர் பயத்தில் ஒரு வருஷம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.